கடைசி அடிக்கு அப்புறம் ஒரு குரல்

ஓர் இசைத்தட்டு பிடித்துப் போய்விட்டால் அவரால் அதை வீட்டில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. யாரையாவது கேட்க வைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். பசறைக்கு மேலே இருந்த தோட்டத்திலிருந்து பதுளை பஜாருக்கு மழையோடு மழையாக வந்து என் கடை வாசலில் நிற்பார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டும். குடை மட்டும் நெஞ்சோடு அணைத்திருக்கிற தட்டுக்கு மேலே இருக்கும்.

"முதலாளி, யாவாரம் கெடக்கட்டும். ஒரு பாட்டு நேரம் மேல வாங்க."

தேயிலைத் தோட்டத்தில் மருந்து கலந்து கொடுக்கிற டிஸ்பென்சர் அவர். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற கூலி ஜனங்களுக்கு டாக்டரய்யா. அவருடைய பேரை நான் எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவன் நான். லயம் லயமாக ஏறி இறங்கி விற்று, பதுளையில் மாடி வைத்த கடை போட்டேன். பள்ளிக்கூடத்தில் என்னை யாராலும் உட்கார வைக்க முடியவில்லை. கல்லாவில் உட்கார்ந்த பிறகு யாராலும் எழுப்ப முடியவில்லை. பதுளைத் தமிழர்களில் முதன்முதலில் பாட்டுப்பெட்டி வாங்கியவனும் நான்தான். வேறு யாராவது அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம். அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து மாட்டு வண்டி. மற்றவர்கள் தட்டுகளை வைக்கோலில் சுற்றி வரவழைத்து ஓட்டாஞ்சில்லாக எடுத்தார்கள். நான் தவிட்டில் புதைத்துக் கொண்டுவரச் சொன்னேன். ஒன்றுகூட உடைந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை மாடியில் கூடுவோம். நான், அடுத்த கடையில் தையல் மெஷின் வைத்திருந்த, எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் பெரியவர், டிஸ்பென்சர். அந்த வாரம் யாருக்கு எது பித்துப் பிடிக்க வைத்ததோ அதை அவரவர் கொண்டுவர வேண்டும். நானாவுக்குப் பம்பாய்க் கவ்வாலி. எனக்கு நாடக மேடைப் பாட்டு. தொண்டை கிழியப் பாடினால்தான் எனக்குப் பாட்டு. டிஸ்பென்சருக்கு இன்னது என்று கிடையாது. ஒரு வாரம் நாயனம், ஒரு வாரம் ஏதோ ஊர்க் கிழவர் வாசித்த வீணை. எங்கே பிடிக்கிறார், யாரிடம் இரவல் வாங்குகிறார் என்று தெரியாது.

தட்டு சுற்றும்போது அவர் பெட்டியைப் பார்க்க மாட்டார். நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நல்ல இடம் வருவதற்கு முன்னாலேயே ஒரு விரல் மெல்ல எழும்பும். "இப்ப வரும், இப்ப வரும்" என்று உதடு மட்டும் அசையும். அந்த இடத்தில் நம் முகத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் அவருக்கு முகம் விழுந்துவிடும். பாவமே என்று சில தடவை நான் தலையை ஆட்டியிருக்கிறேன். அதையும் கண்டுபிடித்துவிடுவார்.

"சும்மா ஆட்டாதீங்க முதலாளி. புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லுங்க. உங்களுக்கு வேற ஒண்ணு கொண்டாறேன்."

தோட்டத்திலும் இதே கதைதான். பல் பிடுங்க வந்தவனுக்குக் குறடைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு பாட்டைப் பாடிக் காட்டி, அவன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது பிடுங்கிவிடுவாராம். வெள்ளைக்காரத் துரையிடமே ஒரு முறை நாயனத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். துரையின் நாய் ஊளையிட்டதாம். "நாய்க்குப் பிடிச்சிருக்கு, துரைக்குத்தான் பிடிக்கல" என்று வந்து சொன்னார்.

அவரிடம் சொந்தமாக இருந்தது ஒரே ஒரு தட்டு. விடிய விடிய வாசலில் காத்திருந்த ஒருத்தி, பொழுது புலர்ந்ததும் எழுந்து தானே கதவைச் சாத்திக்கொள்கிற பாட்டு. பெண் குரல். இரண்டாவது அடியில் அந்தக் குரல் கொஞ்சம் இறங்கி, அழப் போவதுபோல் போய், அழாமல் திரும்பிவிடும். அந்த இடத்தில் நானே தலையாட்ட மறந்துவிடுவேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தட்டின் நடுவில் பாடியவர் பேரை அச்சடித்த வட்டத் தாள் இருக்குமல்லவா, அதன்மேல் மருந்து சீசாவில் ஒட்டுகிற வெள்ளைத் தாளை ஒட்டி வைத்திருந்தார். பழைய தாள் கிழிந்துவிட்டது என்பார்.

"என்ன டாக்டர், இதக் குலுக்கிட்டுக் கேக்கவா, சோத்துக்கு முந்திக் கேக்கவா?" என்று நானா சீண்டுவார்.

"படுக்கப் போறப்ப கேளுங்க நானா. ஆனா தனியாக் கேக்காதீங்க."

இன்னொன்றும் செய்வார். அந்தக் காலத்துத் தட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடியவர் பேரும் ஊரும் உரக்கச் சொல்லப்படும். கடலுக்கு அப்பால் தட்டு அடிக்கிற பட்டறையில் எது யாருடையது என்று வெள்ளைக்காரனுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக. நாங்கள் அந்தப் பேருக்காகவே காத்திருந்து கைதட்டுவோம். இந்தத் தட்டில் மட்டும் கடைசி அடி முடிகிற சமயம் அவர் கை நீண்டு ஊசியைத் தூக்கிவிடும். "பேரு எதுக்கு, பாட்டக் கேட்டாச்சுல்ல" என்பார். ஒரு நாளும் தப்பியதில்லை.

ஒரு ஞாயிறு நானா வரவில்லை. கூரைத் தகரத்தில் மழை அறைந்துகொண்டிருந்தது. அன்று அவர் அந்தத் தட்டை வைத்தார். கடைசி அடி வந்தது. கையைத் தூக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டார்.

குழலுக்குள்ளிருந்து ஒரு பையனின் குரல் வந்தது. கொஞ்சம் கீச்சென்று, பெருமையாக, ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்தி: இதைப் பாடியது என் அக்காள், இன்ன கோயில் தாசி, இன்னாள்.

வயது குறைந்திருந்ததே தவிர, குரல் அவருடையதுதான். யாருக்கும் சந்தேகம் வராது.

"அக்காவுக்கு மூச்சு வாங்கிருச்சு" என்றார். "பட்டணத்துல ஒரு ஓட்டல் ரூம்புல வச்சு எடுத்தாங்க முதலாளி. சுவத்துலேருந்து ஒரு பெரிய குழாய் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுக்குள்ள தலைய விட்டுப் பாடணும். மேல போறப்ப வெள்ளைக்காரன் அவ கழுத்தப் புடிச்சுப் பின்னால இழுப்பான். முடிஞ்சதும் பேரச் சொல்லுன்னான். அவளால முடியல. நான் தாளம் போட்டுக்கிட்டு நின்னேன். நான் சொல்லிட்டேன்."

கோயிலில் பொட்டுக் கட்டின வீடு அவருடையது. அக்கா பாடிச் சம்பாதித்துத்தான் தம்பியை மருந்து கலக்கும் படிப்புக்கு அனுப்பியிருக்கிறாள். அடுத்த தட்டுக்குப் பட்டணத்திலிருந்து ஆள் வருவதற்குள் நெஞ்சுச் சளியில் போய்விட்டாள். அவர் கப்பல் ஏறி இங்கே வந்து, பேருக்குப் பின்னால் பிள்ளை என்று போட்டுக்கொண்டார். கேட்பார் யார்?

அன்று அதை என்னிடம் சொன்னதற்குக் காரணம் இருந்தது. தோட்டத்துப் பெரிய கங்காணி தன் மகளை அவருக்குக் கொடுப்பதாக வாக்குச் சொல்லியிருந்தார். வெற்றிலை மாற்றியாகிவிட்டது. பெரிய கங்காணி என்றால் அந்தத் தோட்டத்தில் துரைக்கு அடுத்த ஆள். அவர் கைகாட்டினால்தான் லயத்தில் அடுப்பு எரியும். சாதி விஷயத்தில் அவர் எப்படிப்பட்டவர் என்று ஊவா மாகாணத்துக்கே தெரியும்.

"அந்தத் தட்ட எங்கிட்ட குடுங்க, பெட்டில வச்சுப் பூட்டிடுறேன்" என்றேன். "இல்லன்னா பதுளை ஓயா ஆத்துல கொண்டு போடுங்க. அந்தக் கொரலு வெளிய வந்தா உங்களுக்குப் பொண்ணும் இல்ல, வேலையும் இல்ல."

"பூட்டி வச்சா அக்காவ யாரு கேப்பாங்க?" என்றார்.

அவ்வளவுதான். தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார்.

பெரிய கங்காணி மாப்பிள்ளையின் பித்தைப் பார்த்துத் தானும் ஒரு பெட்டி வாங்கினார். என்னிடம்தான். காலையில் சாவி கொடுத்தால் மாலைவரை சளைக்காது என்று சொல்லி விற்றேன். நானே தோட்டத்துக்குப் போய்ப் பொருத்திக் கொடுத்தேன். ஒரு ஞாயிறு சாயங்காலம். டிஸ்பென்சரும் வந்திருந்தார். கங்காணி நாற்காலியில். அவர் வீட்டம்மா தூணோரம். பெண் உள்கதவுக்குப் பின்னால். வளையல் சத்தம் மட்டும் வெளியே வந்தது.

டிஸ்பென்சர் முதலில் இரண்டு நாயனத் தட்டுகள் வைத்தார். பிறகு வீட்டம்மா உள்ளே போய் ஏதோ கேட்டுவிட்டு வந்து சிரித்தாள்.

"பாப்பா கேக்குது. அவங்களுக்கு ரொம்பப் புடிச்ச தட்டு எதுவாம்?"

வேறு யாராவது கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். கட்டிக்கொள்ளப் போகிறவள் கேட்கிறாள். அவர் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. பைக்குள் கையை விட்டு வெள்ளைத் தாள் ஒட்டின தட்டை எடுத்தார். கொண்டுவந்திருக்கிறார், பாருங்கள்.

ஊசியை வைத்தார். பெட்டியைப் பார்க்காமல் உள்கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். முதல் அடி முடிந்தது. விரல் எழும்பப் போகிற நேரம் கீழே இருந்து ஓர் ஆள் மூச்சிரைக்க ஓடி வந்தான். லயத்தில் ஒருத்திக்குப் பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது, மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள், டாக்டரய்யா உடனே வர வேண்டும் என்றான்.

அவர் ஊசியைத் தூக்கினார். தட்டை எடுத்துத் துணியில் சுற்றினார்.

"தட்டு இருக்கட்டும், நீங்க போயிட்டு வாங்க" என்றார் கங்காணி. "நாங்க கேக்குறோம்."

"இல்லீங்க, வந்து நானே..."

"ஏன், நாங்க ஒடைச்சுருவமா?"

மாமனாராகப் போகிறவர். வாசலில் அந்த ஆள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். டிஸ்பென்சர் தட்டைப் பெட்டிமேல் வைத்தார். ஒரு முறை என்னைப் பார்த்தார். பிறகு மருந்துப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

நான் என்னால் ஆனதைச் செய்தேன். பெட்டிக்குள் சுருள்வில் சூடாகியிருக்கும், கொஞ்சம் ஆறட்டும் என்றேன்.

"மாலை வரைக்கும் சளைக்காதுன்னு நீங்கதானே வித்தீங்க?" என்றார் கங்காணி.

பாட்டு மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. இரண்டாவது அடியில் வீட்டம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கங்காணி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். கடைசி அடியில் நான் எழுந்து கையை நீட்டினேன்.

"இருங்க முதலாளி. முழுசா முடியட்டும்" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

பையனின் குரல் வந்தது. அக்காள். கோயில். தாசி. பேர்.

தட்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் போய் நிறுத்தவில்லை. உள்ளே வளையல் சத்தம் நின்றுவிட்டது. கங்காணி எழுந்துபோய், மூலையில் சாய்த்து வைத்திருந்த டிஸ்பென்சரின் குடையை எடுத்து, வாசற்படிக்குக் கீழே மண்ணில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சத்தம் போடுகிறவராக இருந்திருந்தால் நான் ஏதாவது பேசிப் பார்த்திருப்பேன். அவர் அப்படி இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் டிஸ்பென்சர் திரும்பி வந்தார். சட்டைக் கையெல்லாம் ரத்தம். முகம் பூரித்திருந்தது.

"ஆம்பளப் புள்ளைங்க. ரெண்டு உசுரும் தப்பிச்சுருச்சு" என்று தூரத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தவர், குடையைப் பார்த்ததும் படிக்கு முன்னால் நின்றார்.

"அந்தக் கொரலு ஒன்னோடதா?" என்றார் கங்காணி. அதுவரை நீங்க, வாங்க என்றுதான் பேசுவார்.

"ஆமாங்க. எங்க அக்கா."

"பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. இனி இந்தப் படி ஏறாத."

அவர் கெஞ்சவில்லை. கங்காணியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் முகத்தைப் பார்ப்பதுபோல. பிறகு குடையை எடுத்துக்கொண்டு போனார். தட்டு அங்கேயே இருந்துவிட்டது.

கல்யாணம் நின்றதோடு போயிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், வேலைக்குப் போக வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கங்காணி ஒரு வார்த்தை சொன்னார். அவன் கையால் எவனும் மருந்து வாங்கக் கூடாது. வாங்கினால் பேர் விழாது. பேர் விழாது என்றால் அன்றைய கூலி கிடையாது. தன் வீட்டுக்குள் நுழையப் பார்த்தவனை அந்தத் தோட்டத்தில் மனுஷனாக நடமாட விடக்கூடாது என்று அவருக்கு.

அந்த மழைக்கு லயத்தில் வயிற்றுளைச்சல் கண்டது. பசறை ஆஸ்பத்திரிக்கு நடக்கத் தெம்பிருந்தவர்கள் நடந்தார்கள். மற்றவர்கள் பாய் விட்டு எழவில்லை. இவர் மருந்தைக் கலக்கிச் சீசாக்களைக் கூடையில் போட்டுக்கொண்டு லயம் லயமாகப் போயிருக்கிறார். கதவைத் தட்டினால் உள்ளே பேச்சு நின்றுவிடுமாம். வாசலில் வைத்துவிட்டு வந்த சீசாக்கள் மறுநாள் அப்படியே இருக்குமாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இவர் ஓடிப்போய்ப் பிழைக்க வைத்தாரே, அந்தத் தாயின் வீட்டுக்கும் போயிருக்கிறார். பிள்ளைக்கு வயிறு போய்க்கொண்டிருந்தது. அவள் கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே பேசினாள்.

"வேணாங்க சாமி. போயிருங்க. எங்க நாலு பேருக்கும் பேரு போட மாட்டாங்க."

"புள்ளைக்கு மட்டும் ஒரு மொடக்கு குடும்மா. யாருக்கும் தெரியாது."

"தெரிஞ்சுரும் சாமி. பக்கத்து வீட்டுல கேக்குறாங்க. போயிருங்க."

கதவு இடுக்கில் பிள்ளை முனகுவது கேட்டது என்று என்னிடம் சொன்னார். மறுநாள் கேட்கவில்லை என்றும் சொன்னார்.

சாவு கூடிவிட்டது, டிஸ்பென்சர் சரியில்லை என்று துரை அவரை வெளியே அனுப்பிவிட்டார். துரைக்கு யார் என்ன சொன்னார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டி படுக்கையோடு என் கடைக்கு வந்தார். நான் சாதி பார்க்கிறவன்தான். இப்போதும் பார்க்கிறவன்தான். வீட்டுக்குள் கூப்பிடவில்லை. கடை மாடியில் இடம் கொடுத்தேன். பதுளையில் வேறு எவனும் அதுகூடச் செய்திருக்க மாட்டான். அதற்குள் அவருக்கும் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. நானா வீட்டிலிருந்து கஞ்சி வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் மேலே போய்த் தட்டு வைப்போம். அவர் சுவரில் சாய்ந்தபடி கேட்பார். விரல் எழும்புவது நின்றுவிட்டது.

கங்காணி மகளுக்கு வேறு இடத்தில் முடிவானது. ஜவுளி எடுக்க கங்காணி என் கடைக்குத்தான் வந்தார். கூறைப் புடவைகளை விரித்துப் போட்டேன். பார்த்துக்கொண்டே இருந்தவர் நடுவில் கேட்டார்.

"அந்தத் தட்டு மாதிரி வேற ஏதாச்சும் வந்திருக்கா முதலாளி?"

"எந்தத் தட்டு?" என்றேன்.

"அதான், கதவச் சாத்துறாளே. வீட்டுல தெனமும் அதுதான். கடைசில வர்ற பேச்ச ஆணியால கீறி அழிச்சாச்சு. இப்பப் பாட்டு மட்டுந்தான், சுத்தமா இருக்கு."

"அதத் திருப்பிக் குடுத்துட்டீங்கன்னா..."

"அது எப்படிங்க? தெனமும் கேக்குறாங்களே." புடவை முந்தியைத் தடவிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மாடிப் பலகைக்கு மேலே இருமல் கேட்டது. நீண்ட இருமல். கங்காணி ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். "அவன்தானா? அவனுக்குத்தான் இதெல்லாம் தெரியும். கேட்டுச் சொல்லுங்களேன்."

என் கை புடவையை மடித்துக்கொண்டிருந்தது. யாவாரி கை, அது தன்பாட்டில் மடிக்கும்.

சாயங்காலம் மேலே போய்ச் சொன்னேன். கீறி அழித்ததைச் சொல்லவில்லை. நானாவும் இருந்தார்.

"வெக்கமில்லாத மனுசன்" என்றார் நானா. "டாக்டர், நீங்க ஒண்ணும் சொல்ல வாணாம்."

டிஸ்பென்சர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"அது அவருக்குப் புடிச்சிருக்குன்னா, அந்த வீணைக் கிழவர் தட்டு புடிக்கும்" என்றார். "உங்ககிட்டதானே இருக்கு முதலாளி. குடுத்தனுப்புங்க. வெளக்கு வைக்கிற நேரத்துல போடச் சொல்லுங்க. நடுவுல பேசக் கூடாதுன்னு சொல்லுங்க."

"அந்த ஆளுக்கா? உங்களுக்குச் சூடு சொரண இல்லியா?" நானா எழுந்துவிட்டார்.

"கேட்டுட்டாரே நானா."

தவிட்டில் புதைத்து அனுப்பினேன். அடுத்த முறை கங்காணி வீட்டுக்குப் புடவை கொண்டுபோன என் ஆள் பதிலோடு திரும்பினான். அன்று டிஸ்பென்சருக்குச் சரியாகப் பேச வரவில்லை. மூச்சு விடுவதே வேலையாக இருந்தது. குனிந்து காதோரம் சொன்னேன்.

"கங்காணி கேட்டாராம். நல்லாத்தான் இருக்குன்னாராம். ஆனா மொதல்ல குடுத்த தட்டு மாதிரி எதுவும் வராதுன்னாராம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார்.